கழற்றிவிட்ட கேரவனும் இரண்டு சிவப்பு விளக்குகளும்

எனக்குச் சந்தேகம் கூடப் பிறந்தது. பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை விரலில் தொட்டுப் பார்க்காமல் அடுப்பில் வைக்கமாட்டேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் தேவைக்கு மேல் சிரித்தால் கைப்பையை மடிக்கு மாற்றிக்கொள்வேன். மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் எனக்கு "சி.ஐ.டி. அக்கா" என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். ஆனால் யார் வீட்டுக்காவது வந்த கேஸ் சிலிண்டர் எடை குறைந்த மாதிரி தோன்றினால், தூக்கிப் பார்க்க என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். யார் எதைச் சொன்னாலும் "அப்படியா" என்று கேட்டுக்கொள்வார். மேலூர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு எலக்ட்ரீஷியன் வேலைக்கு வந்தவர், அடுத்த வருஷம் பெர்மனென்ட் என்று கம்பெனியில் சொன்னதை ஒவ்வொரு வருஷமும் புதிதாக நம்பினார். கடைசியில் காண்ட்ராக்ட் ஆட்கள் எல்லோரையும் மொத்தமாக நிறுத்தியபோதுகூட, மறுபடி கூப்பிடுவார்கள் என்று யூனிபார்மை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டி வைத்திருந்தார். நான்தான் அதை எடுத்துப் பெட்டியின் அடியில் போட்டேன்.

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே நெடுஞ்சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம் அது. ரோடு காண்ட்ராக்டர் ஒருவரிடம் அவருக்கு வேலை கிடைத்தது. ஜெனரேட்டர், தண்ணீர் மோட்டார், வெல்டிங் மெஷின் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சாமான்களுக்குக் காவலாக அங்கேயே தங்கவும் வேண்டும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்கு வரலாம். தங்குவதற்குக் கேரவன் கொடுக்கிறார்கள் என்றார். கேரவன் என்றால் சினிமா நடிகர்கள் ஏசி போட்டு உட்கார்ந்திருக்கும் வண்டி என்றுதான் எனக்குத் தெரியும். லைன் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

பிறகு குருபரப்பள்ளிக்குப் பஸ் ஏறிப் போய் அந்தக் கேரவனைப் பார்த்தேன். நாலு டயரின் மேல் ஒரு தகர அறை, அவ்வளவுதான். டிராக்டரில் கொக்கி மாட்டி இழுத்து வருவார்கள். வேலை நடக்கிற இடத்தில் கழற்றிவிட்டு டிராக்டர் வேறு வேலைக்குப் போய்விடும். வேலை நகர்ந்தால் மறுபடி டிராக்டர் வரும். உள்ளே ஒரு பெஞ்சுக் கட்டில், ஒயர் சுருள்கள், மூச்சை அடைக்கும் டீசல் வாடை. இதைப் போய் லைனில் எப்படிச் சொல்வது என்று யோசித்துவிட்டு, ஏசி ரிப்பேர் என்று சொல்லிவைத்தேன்.

டீசல் வாடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அது நின்ற இடத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ரோட்டின் வெள்ளைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் கொஞ்சம் மண், அந்த மண்ணில் கேரவன், அதன் முதுகை உரசுகிற மாதிரி லாரிகள். ஒவ்வொரு லாரி போகும்போதும் தகரம் அதிர்ந்தது. உள்ளே நான் கொண்டுபோன குழம்புப் பாத்திரம் பலகையிலிருந்து தானாக நகர்ந்துகொண்டே வந்தது.

பின்பக்கம் தக்காளித் தோட்டம். அதன் ஓரத்தில் காலி இடம் கிடந்தது. அங்கே தள்ளி நிறுத்தினால் என்ன என்று தோட்டத்துக்காரரிடம் நானே போய்க் கேட்டேன். வரப்பில் நின்றுகொண்டு என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"இன்னிக்கு வண்டி நிறுத்துவீங்க. நாளைக்குக் கல்லு நடுவீங்க. அதுக்கு அப்பறம் இது ரோட்டு நெலம்னு சொல்லுவீங்க. ஏற்கனவே எடுத்தது போதும், போம்மா."

நான் சர்வே ஆபீசிலிருந்து வந்த ஆள் இல்லை, எலக்ட்ரீஷியன் பெண்டாட்டி என்று சொல்லிப் பார்த்தேன். அதைத்தான் அவர் முதலில் நம்பவில்லை. அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

கார்த்திகை பிறந்ததும் பனி இறங்க ஆரம்பித்தது. எங்கள் ஊர்ப் பக்கத்துப் பனி மாதிரி இல்லை இது. காலையில் ஆறேழு மணிக்குக்கூட எதிரில் நிற்கும் ஆளின் சட்டை நிறம் தெரியாது. அப்படி ஒரு காலையில் சூளகிரி பக்கத்தில், யாரோ டிராக்டரிலிருந்து கழற்றிவிட்டுப் போயிருந்த கரும்பு டிரைலரில் ஒரு லாரி மோதிவிட்டது. அந்த வாரம் வீட்டுக்கு வந்த என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே அதைச் சொன்னார்.

"நல்ல வேளை, டிரைலர்ல ஆள் இல்ல."

அந்த டிரைலரில் ஆள் இல்லை, சரி. எங்கள் டிரைலரில் ஆள் இருக்கிறாரே. "லைட்டு போட்டாத்தான் அங்க தங்கணும். இல்லாட்டி வேலையே வேணாம், வந்துருங்க" என்றேன். சூப்பர்வைசரிடம் கேட்டதற்குத் தார் பீப்பாயில் வெள்ளைப் பட்டை அடித்து இரண்டு கொடுத்திருக்கிறார்களாம், அது போதும் என்றார்களாம். ஜெனரேட்டரை ராத்திரி ஓட்டவும் டீசல் தரமாட்டார்களாம். அவர் அதையும் "அப்படியா" என்று கேட்டுவிட்டு வந்திருந்தார். பனியில் வெள்ளைப் பட்டை யார் கண்ணுக்குத் தெரியும் என்று கேட்டேன். அன்றைக்குத்தான் கொஞ்சம் யோசித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலில் உட்கார்ந்து விளக்கு செய்தார். ஓட்டலில் வாங்கி வந்த இரண்டு காலி எண்ணெய் டின், பழைய பஸ்ஸிலிருந்து கழற்றிய சிவப்புக் கண்ணாடி மூடிகள், லாரியின் இண்டிகேட்டர் விட்டு விட்டு எரிவதற்கு உள்ளே ஒரு டப்பா இருக்குமே, அது ஒன்று, பிறகு டிராக்டர் பேட்டரி. எல்லாம் பழைய இரும்புக் கடையில் வாங்கியவை. கடைக்காரருக்கு அந்தக் கண்ணாடி எப்படிக் கிடைத்தது, எந்த பஸ், அந்த பஸ் இப்போது எங்கே என்றெல்லாம் நான் கேட்டேன். இவர் டின்னில் ஓட்டை போட்டுக்கொண்டே இருந்தார்.

மழைநீர் உள்ளே போகாமல் இருக்க டின்னின் மூடியை மேலே கூரை மாதிரி வளைத்தார். கீழே சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றிலும் ஒட்டினார். ஒரு விளக்கு அணையும்போது மற்றது எரிகிற மாதிரி ஒயரை மாற்றிக் கொடுத்தார். அது அவராக யோசித்துச் செய்தது. இரண்டும் சேர்ந்து மினுக்கினால் தூரத்தில் ஒன்றாகத் தெரியும், மாறி மாறி எரிந்தால் எந்தத் தூங்குமூஞ்சியும் முழித்துக்கொள்வான் என்று விளக்கம் சொன்னார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, வெளியில் காட்டிக்கொள்ளவில்லை.

பொழுது சாய்ந்ததும் எரியவிட்டுப் பார்த்தோம். நான் தெருக்கோடி வரை நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது. கொஞ்சம் அதிகமாகவே தெரிந்தது. ஆம்புலன்ஸ் யார் வீட்டுக்கு வந்திருக்கிறது என்று கேட்டுக்கொண்டு பக்கத்துத் தெருவிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வீட்டு ஓனர் இறங்கி வந்து, நேராகப் போய் மீட்டரைப் பார்த்தார். பேட்டரியைக் காட்டினோம். அதற்குப் பிறகும் மீட்டர் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றார்.

கேரவனின் பின்முதுகில் விளக்குகளைப் பொருத்தியபின் எனக்குத் தூக்கம் வந்தது. அது ஒரு வாரம்தான்.

மறு ஞாயிற்றுக்கிழமை அவர் வரும்போது கையில் இரண்டு முட்டைக்கோசும் ஒரு பை தக்காளியும் இருந்தன. ஏது என்றேன். "தெரியல. காலைல கதவைத் தொறந்தா படியில இருக்கு" என்றார். அதற்கு அடுத்த வாரம் காலிஃப்ளவர், பீன்ஸ், ஒரு கட்டுக் கொத்தமல்லி. தக்காளித் தோட்டத்துக்காரர் மனம் மாறி வைக்கிறாரோ என்று அவர் சொன்னார். ரோட்டோரம் குந்தவே இடம் தராத மனிதர் காய்கறி தருவாராம். எனக்கு அதற்கு மேல் கேட்க முடியவில்லை.

மூன்றாம் முறை ரோஜாப்பூ வந்தது. செய்தித்தாளில் சுற்றிய நீளக் காம்பு ரோஜா, வெளிநாட்டுக்கு அனுப்புகிற ரகம். அதை எனக்கென்று கொண்டுவந்து நீட்டினார், பாவம், சிரித்துக்கொண்டே.

"யாரு குடுத்தது?"

"படியில இருந்துச்சு."

"முட்டைக்கோசு படியில இருக்கும். ரோஜாப்பூ எப்படிங்க படியில இருக்கும்?"

அவருக்கு வித்தியாசம் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கேரவனுக்கு எதிர்ப்புறம், ரோட்டைத் தாண்டி, ஓலை போட்ட ஒரு டீக்கடை உண்டு. நடத்தியது ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். வீட்டில் தெலுங்கு, கன்னட லாரிக்காரர்களிடம் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்று பாஷையிலும் சிரிப்பார். நான் போயிருந்தபோது என் வீட்டுக்காரருக்கு அவர் கேட்காமலேயே சர்க்கரை போடாத டீ வந்தது. அதை அன்றைக்கே மனதில் குறித்து வைத்திருந்தேன். இப்போது ரோஜாவையும் அதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அடுத்த நாளே ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், டீத்தூள் டப்பா, பால் பவுடர் எல்லாம் வாங்கிக்கொண்டு குருபரப்பள்ளிக்குப் போனேன். ஸ்டவ்வைக் கேரவனில் வைத்து, எண்ணெய் நிரப்பி, திரியை ஏற்றிக் காட்டினேன். "இனிமே காலை டீ இங்கதான். பனியில ரோட்டைத் தாண்டிப் போக வேணாம்" என்றேன். பனி என்பது சாக்கு என்று அவருக்கும் தெரியும். என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார்.

அத்தோடு விட்டிருந்தால் அது நான் இல்லை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே சொல்லாமல் போய் இறங்கினேன். மறுநாள் விடியும்போது, அவருடைய ஸ்வெட்டரைப் புடவைமேல் போட்டுக்கொண்டு, குரங்குக் குல்லாய் மாட்டி, டார்ச் லைட்டைப் பிடித்தபடி கேரவன் கதவைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து உட்கார்ந்தேன். டீக்கடையில் அப்போதுதான் அடுப்புப் புகை கிளம்பியது. அந்தப் பெண் கடையை விட்டு நகரவே இல்லை. எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது.

அப்போது ஒரு காய்கறி லாரி வேகத்தைக் குறைத்துக்கொண்டு வந்தது. ஹெட்லைட்டை டிம் பண்ணியது. கொஞ்சம் தள்ளி நின்றது. கிளீனர் ஒருவர் குதித்து இறங்கி, கையில் ஒரு பையோடு ஓடி வந்தார். நடுத்தர வயசுக்காரர். பையைப் படியில் வைத்தார், கதவைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார், திரும்பினார். நான் டார்ச்சை அடித்து, "யாருய்யா அது, நில்லு" என்றேன்.

அவர் அப்படியே நின்றார். குல்லாயும் ஸ்வெட்டருமாக என்னைப் பார்த்ததும் கை இரண்டும் தானாகக் குவிந்தன.

"மேடம், பில் இதெ மேடம். எல்லா இதெ. ஓவர்லோடு இல்ல மேடம், தக்காளி மட்டும் மேடம்."

பில் எல்லாம் இருக்கிறது என்று பாதிக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே, சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதங்களை எடுத்து நீட்டினார். நான் வாங்கவில்லை. வாங்காததால் இன்னும் பயந்துபோனார். "அவ்வளவுதான் மேடம் இருக்குது, வேணும்னா கோசு ரெண்டு எடுத்தாரேன்" என்றார்.

எனக்கு விஷயம் விளங்க அதற்கு மேல் நேரம் ஆகவில்லை. கர்நாடக எல்லை பக்கத்தில் இருப்பதால் அந்த ரோட்டில் எங்கே வேண்டுமானாலும் திடீரென்று வண்டியைப் போட்டு லாரிகளை மறித்து பில், பெர்மிட், லோடு என்று செக்கிங் நடக்கும். ரோட்டோரம் பெட்டி மாதிரி ஒரு வண்டி, அதன் முதுகில் மாறி மாறி எரியும் சிவப்பு விளக்கு. இதைப் பார்த்த லாரிக்காரர்கள் எல்லோரும் எங்கள் கேரவனைச் செக்கிங் வண்டி என்று முடிவு கட்டிவிட்டார்கள். யாரும் கை காட்டி மறிக்காததால், உள்ளே அதிகாரி தூங்குகிறார், எழுப்பாமல் இருக்க ஏதாவது வைத்துவிட்டுப் போவோம் என்று நினைத்திருக்கிறார்கள். தக்காளி லாரி தக்காளி வைத்தது. ரோஜா ஏற்றிப்போன வேன் ரோஜா வைத்தது.

என் வீட்டுக்காரரை எழுப்பிச் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் சாப்பிட்ட சாம்பாரை எல்லாம் நினைத்துப் பார்த்திருப்பார். எனக்கு அப்படி ஒன்றும் தோன்றவில்லை. பயந்துபோய் வைத்த கோசுக்கு ருசி ஒன்றும் குறையவில்லை. அதைவிட, நான் அன்று அங்கே உட்கார்ந்து பார்த்தது வேறு ஒன்று. அந்த விளக்கைக் கண்டதும் ஒவ்வொரு லாரியும் தூரத்திலேயே பிரேக் பிடித்தது, வெள்ளைக் கோட்டை விட்டு நடுரோட்டுக்கு ஒதுங்கியது, பூனை மாதிரி கடந்து போனது. தகரம் அதிரவே இல்லை. என் வீட்டுக்காரர் உயிருக்கு இதைவிடப் பெரிய காவல் வேறு எங்கே கிடைக்கும்? அது விளக்குக்குக் கிடைத்த மரியாதையா, மாமூலுக்குக் கிடைத்த மரியாதையா என்று நான் யோசிக்கவில்லை. அப்படியே எரியட்டும் என்றேன்.

ரோஜாவுக்குக் காரணம் தெரிந்துவிட்டதே, இனி டீக்கடைக்குப் போகலாமா என்று அவர் கேட்டார். ரோஜாவுக்குத்தான் காரணம் தெரிந்தது, சர்க்கரை இல்லாத டீக்குத் தெரியவில்லை என்றேன். சத்தியம் சத்தியமாகவே இருந்தது.

மனிதர் நேர்மையானவர், அதனால் சும்மா இருக்க மாட்டார். விடிகாலையில் ரோட்டோரம் நின்று, பை கொண்டுவருகிற கிளீனர்களைப் பார்த்து "வேண்டாம், வேண்டாம்" என்று இரண்டு கையையும் ஆட்டினார். ஒருவராவது அதை வேண்டாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டுமே. கொடுத்தது போதவில்லை என்று ஐயா சொல்கிறார் என்று நினைத்து, ஓடிப்போய் இன்னொரு பை கொண்டுவந்து வைத்தார்கள். அந்த வாரம் வந்த காய்கறியை லைனில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தேன். எங்கே கிடைக்கிறது இவ்வளவு என்று அவர்கள் பார்த்த பார்வையில் என் வியாதி அவர்களுக்கும் தொற்றியிருந்தது.

இதற்குமேல் நாள் கடத்தாமல் நிஜமான செக்கிங்காரர்களே வந்துவிட்டார்கள். நான் அங்கே இருந்த ஒரு பகல் வேளை. ஜீப்பிலிருந்து இறங்கிய அதிகாரி கேரவனைச் சுற்றி வந்தார், விளக்கைத் தட்டிப் பார்த்தார், எண்ணெய் டின்னில் இன்னும் பாதி ஒட்டியிருந்த கடலை எண்ணெய் லேபிளைப் படித்தார். பிறகு உள்ளே எட்டி, பெஞ்சுக்கடியில் இருந்த முட்டைக்கோசுகளைப் பார்த்தார்.

"யாரு இங்க செக்போஸ்ட் நடத்துறது?"

நான்தான் ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கரும்பு டிரைலர், பனி, தார் பீப்பாய், எல்லாம். அவர் கடைசிவரை கேட்டார், அதைச் சொல்ல வேண்டும்.

"இத பாருங்கம்மா, செவப்பு மாறி மாறி எரிஞ்சா அது எங்க வண்டின்னுதான் எவனும் நெனப்பான். புகார் வந்துருக்குது. நாளைக்குப் போலிச் செக்கிங்னு உங்க வீட்டுக்காரர் மேல கேஸ் ஆயிடும்."

இது செக்கிங் வண்டி இல்லை என்று மூன்று பாஷையிலும் போர்டு எழுதி மாட்டிவிடட்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"அப்படிப் போர்டு மாட்டுனீங்கன்னா, செக்கிங்தான்னு முடிவே பண்ணிடுவானுங்க" என்றார் அதிகாரி.

விளக்கை எடுத்தால் லாரி வந்து இடிக்கும் சார் என்றேன். எடுக்க வேண்டாம், விட்டு விட்டு எரியாமல் நின்று எரியட்டும், எல்லா வண்டிக்கும் டெயில் லைட் நின்றுதானே எரிகிறது என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அவர் போகும்வரை நான் அவர் கண் முட்டைக்கோசுப் பக்கம் போகிறதா என்றே கவனித்துக்கொண்டிருந்தேன். போகவில்லை. ஒன்றும் எடுத்துக்கொள்ளாமல் ஜீப் ஏறினார். அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் இண்டிகேட்டர் டப்பாவைக் கழற்றிவிட்டு ஒயரை நேராகக் கொடுத்தார். இரண்டு சிவப்பு விளக்கும் அமைதியாக எரிந்தன. படியில் காய்கறி வருவது நின்றது. அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மார்கழிக் கடைசியில் ஒரு நாள் காலை முதல் பஸ்ஸில் அவருக்குச் சோறு கொண்டு கிளம்பினேன். சூளகிரி தாண்டியதும் கண்ணாடிக்கு வெளியே ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி நீட்டி ஓட்டினார். முன்னால் ஒரு லாரியின் இரண்டு சிவப்பு டெயில் லைட் தெரிந்ததும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டு, "இவன் பின்னாடியே போயிடலாம்" என்று கண்டக்டரிடம் சொன்னார். பனியில் அந்த ரோட்டில் எல்லோரும் அப்படித்தான் ஓட்டுவார்கள். முன்வண்டியின் சிவப்பைப் பிடித்துக்கொண்டு, அது போகிற பக்கம் போவார்கள். நகராமல் நிற்கிற ஒரு பெட்டியின் முதுகில் அதே மாதிரி இரண்டு சிவப்பு விளக்கை நின்று எரிய வைத்திருக்கிறோம் என்பது அந்த இடத்தில், அந்த சீட்டில்தான் எனக்கு உறைத்தது.

குருபரப்பள்ளிக்கு முன்னாலேயே பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஆக்சிடென்ட் என்றார்கள். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. தூக்குச்சட்டியோடு இறங்கி, நிற்கிற லாரிகளின் ஓரமாக ஓடினேன்.

கேரவன் ரோட்டோரத்தில் இல்லை. தக்காளித் தோட்டத்துக்குள் கிடந்தது, கதவுப்பக்கம் மண்ணில் கவிழ்ந்து. தகரம் ஒரு பக்கம் முழுக்க உள்ளே போயிருந்தது. தோட்டத்துக்காரர் மிதிபட்ட செடிகளுக்கு நடுவே நின்றார். லாரி டிரைவர் ரோட்டில் உட்கார்ந்துகொண்டு கேட்பவர்களுக்கெல்லாம் ஒன்றையே சொன்னார். "முன்னாடி ஒரு லாரி போயிட்டிருந்துச்சுங்க. அதோட லைட்டப் பாத்துத்தான் வந்தேன். அது நிக்கிதுன்னு எனக்குத் தெரியலங்க."

உள்ளே ஆள் இல்லை என்று யாரோ சொன்னார்கள். நான் நம்பவில்லை. இந்த நேரத்தில் அவர் உள்ளே ஸ்டவ்வைப் பற்றவைத்து டீ போட்டுக்கொண்டிருப்பார். என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவர். தகரத்தின் கிழிசல் வழியாகக் குனிந்து பார்த்தேன். பெஞ்சுக் கட்டில் சுவரோடு சுவராக ஒட்டியிருந்தது. நான் வாங்கிக் கொடுத்த ஸ்டவ் நசுங்கித் தட்டையாகக் கிடந்தது. மண்ணெண்ணெய் வாடை. கையை உள்ளே விட்டுத் துழாவினேன், அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அவர் பெயரை நான் சொன்னதில்லை.

யாரோ என் தோளைப் பிடித்துத் தூக்கினார்கள். அந்த டீக்கடைப் பெண்.

"அக்கா, அங்க தேடாதீங்க. உள்ள இல்ல அவரு. நம்ம கடைல இருக்கறாரு, வாங்க."

நான் அதையும் நம்பவில்லை. ஆறுதலுக்குச் சொல்கிறாள், கடையில் உட்கார வைத்துவிட்டுப் பிறகு மெதுவாகச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். கையை உதறினேன். அந்தப் பெண் விடவில்லை. இழுத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டினார்.

என் வீட்டுக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முழுசாக. கையில் டீ கிளாஸ், பாதி டீ சட்டையில் சிந்தியிருந்தது. அவருக்குப் பின்னால் தட்டியில் ஒரு ஆணி, அதில் அவருடைய மப்ளர். பழகின இடத்தில் மாட்டுகிற மாதிரி மாட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் உயிர் பிழைத்தேன் என்று சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. முகம் வெளுத்துப்போய் எழுந்து நின்றார்.

"இன்னைக்கு மட்டுந்தான் வந்தேன். ஸ்டவ்வுல எண்ணெய் தீந்துருச்சு" என்றார்.

டீக்கடைப் பெண் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஸ்டவ்வில் நான் நிரப்பிக் கொடுத்த எண்ணெய் அன்றைக்கு வரைக்கும் தீராமல் இருந்திருக்கிறது. அந்த வாடை இன்னும் என் கையில் இருந்தது. ஒரு நாள்கூட அவர் அதைப் பற்றவைக்கவில்லை, ஒவ்வொரு காலையும் இங்கேதான் வந்திருக்கிறார், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்கு வந்து என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கிறார். யார் சொன்னதையும் நம்புகிற, யாரையும் ஏமாற்றத் தெரியாத அந்த மனிதர் என்னை மட்டும் தினமும் ஏமாற்றியிருக்கிறார். சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தால் அவரை அந்தத் தகரத்திலிருந்து சுரண்டி எடுத்திருக்க வேண்டும்.

எனக்கு அழுகை வந்தது. நின்ற இடத்திலேயே அழுதேன். அவர் பயந்துபோய், "நெசமாத்தான். வேணும்னா இவங்களக் கேளு" என்றார்.

நான் அந்தப் பெண்ணைக் கேட்கவில்லை. அவர் கையிலிருந்த கிளாசை வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து, அதில் மீதியிருந்த சர்க்கரை இல்லாத டீயைக் குடித்தேன். "இன்னைக்கு மட்டுந்தானே, சரி" என்றேன்.